சுத்தம் சோறு மட்டுமா போடும்?

வீட்டில் முதல்முறையாக பீர் தயாரிப்பவரை அடையாளம் காண்பது சுலபம். அவர் வாளியின் மூடியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருப்பார். மேலே திட்டுத்திட்டாகப் படர்ந்திருக்கும் பழுப்பு நுரையைக் கண்டு பூஞ்சணம் பிடித்துவிட்டதோ என்று பதறுவார். வெப்பமானியைக் கழுவினோமா இல்லையா என்று நடு இரவில் எழுந்து உட்கார்ந்து யோசிப்பார். குழாயை ஒரு கணம் தரையில் வைத்தது நினைவுக்கு வந்துவிட்டால் அன்றைய தூக்கம் போயிற்று. எல்லாக் கவலைகளும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும்: இதை நாலு பேருக்கு ஊற்றிக் கொடுத்தால் யாருக்காவது ஏதாவது ஆகிவிடுமா?

நியாயமான கேள்விதான். பதிலும் இருக்கிறது. ஆனால் அது, கேட்பவர் எதிர்பார்க்கும் திசையில் இல்லை. எந்தக் கிருமியை நினைத்து அவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறாரோ அது பெரும்பாலும் அவரை ஒன்றும் செய்யப்போவதில்லை. அவர் சாதாரணமாக எடுத்துப் புழங்கும் கண்ணாடி பாட்டில், பிளீச்சிங் திரவம், ஈரம் பட்ட தானியம் ஆகியவைதான் ஆளைக் காயப்படுத்தவும் கொல்லவும் கூடியவை. பயம் தேவைதான். அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும்.

மேலை நாடுகளில் இந்தப் பொழுதுபோக்கு பரவியதற்குச் சட்டம் வழிவிட்டது ஒரு முக்கியக் காரணம். பிரிட்டனில் வீட்டில் பீர் தயாரிக்க உரிமம் வேண்டும் என்று 1880-ல் வந்த விதியை 1963-ல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் நீக்கினார். அமெரிக்காவில் 1933-ல் மதுவிலக்கு முடிவுக்கு வந்தபோது வீட்டு ஒயினுக்குக் கிடைத்த அனுமதி வீட்டு பீருக்குக் கிடைக்கவில்லை. ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்ட சட்டம் 1979 பிப்ரவரியில் அமலுக்கு வந்த பிறகே அந்தக் குறை தீர்ந்தது. அதன் பிறகும் மாநிலங்கள் தத்தம் சட்டங்களை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியிருந்தது. கடைசியாக மிசிசிப்பியும் அலபாமாவும் இறங்கிவந்தது 2013-ல். வீட்டில் பெரியவர் ஒருவர் என்றால் ஆண்டுக்கு 100 காலன், அதாவது சுமார் 380 லிட்டர். இருவரோ அதற்கு மேலோ என்றால் 200 காலன். குடிக்கலாம், விற்கக் கூடாது. ஜப்பானில் ஆல்கஹால் 1 சதவீதத்தைத் தொட்டாலே உரிமம் வேண்டும். இந்தியாவில் மது மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் தயாரிப்பது பெரும்பாலான மாநிலங்களில் குற்றம். பழங்குடியினர் வாழும் சில மாநிலங்களில் மட்டும் அவர்கள் சொந்தத் தேவைக்கு அரிசி பீர் தயாரித்துக்கொள்ளச் சலுகை உண்டு.

பீரின் செய்முறை தமிழ்நாட்டுச் சமையலறைக்கு அந்நியமானதல்ல. தயிருக்குப் பாலைக் காய்ச்ச வேண்டும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவைக்க வேண்டும். உறை மோர் விட்டு மூட வேண்டும். பிறகு தொடாமல் இருக்க வேண்டும். பீரிலும் வரிசை இதேதான். முளைகட்டி உலர்த்திய பார்லியை நொறுக்கி, 65 டிகிரி செல்சியஸ் அளவிலான வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. வடித்தெடுத்த இனிப்புச் சாற்றில் ஹாப்ஸ் கொடியின் பூவைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிடுகிறார்கள். பிறகு சுமார் 20 டிகிரிக்கு விரைவாக ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்து, மூடிவிடுகிறார்கள். ஈஸ்ட்தான் இங்கே உறை மோர். அது சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் தருகிறது. ஒன்றிரண்டு வாரத்தில் வேலை முடிந்துவிடும். பாட்டிலில் அடைக்கும்போது இன்னும் கொஞ்சம் சர்க்கரை சேர்த்தால், மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதையும் தின்னும். வெளியேற வழியில்லாத வாயு பீரிலேயே கரைந்து, திறக்கும்போது நுரையாகப் பொங்கும்.

இந்த வரிசையின் நடுவில் ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. அதுதான் கொதி. கொதிக்கும்வரை சுத்தத்தைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை. பார்லியின் உமியில் ஏராளமான பாக்டீரியாக்கள் குடியிருக்கும். ஒரு மணி நேரக் கொதிப்பு அவற்றின் கணக்கை முடித்துவிடும். கவலை தொடங்க வேண்டியது அடுப்பை அணைத்த பிறகு. ஆறிய சாறு என்பது வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீர். அதில் இன்னும் ஆல்கஹால் இல்லை, போதிய புளிப்பும் இல்லை. ஈஸ்ட் வேலையை ஆரம்பிக்கும்வரை அது ஊருக்கெல்லாம் இலை போட்டுவைத்த பந்தி. முதலில் யார் வந்து உட்காருகிறார்கள் என்பதுதான் கேள்வி. அதனால்தான் அனுபவசாலிகள் நல்ல ஈஸ்டை நிறையப் போடுகிறார்கள். வழக்கமான 19 லிட்டர் பீருக்குக் கிட்டத்தட்ட 20,000 கோடி ஈஸ்ட் செல்கள் தேவை. அத்தனை பேர் ஒன்றாகப் பந்தியில் உட்கார்ந்துவிட்டால், தரையிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த சில நூறு பாக்டீரியாக்களுக்கு இலை கிடைப்பது கடினம்.

ஈஸ்ட் தன் வேலையை முடித்த பிறகு கிருமிகளின் பாடு இன்னும் திண்டாட்டம். பீரில் 4, 5 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறது. அதன் பிஎச் அளவு 4 முதல் 4.5 வரை. ஹாப்ஸிலிருந்து வரும் கசப்புப் பொருள் பல வகை பாக்டீரியாக்களை வளரவிடாது. கரியமில வாயு நிறைந்திருப்பதால் ஆக்சிஜன் இல்லை. தின்பதற்குச் சர்க்கரையும் அதிகம் மிச்சமில்லை. இவற்றில் எந்த ஒன்றும் தனியாகப் போதாது. ஐந்தும் சேர்ந்தால் டைபாய்டு, வயிற்றுப்போக்குக் கிருமிகள் பெருக முடியாமல் நாளடைவில் மடிந்துபோகின்றன. 1854-ல் லண்டன் பிராட் தெருவில் காலரா பரவியபோது, அதே தெருவில் இருந்த பீர் ஆலையின் 70க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் தப்பித்ததை டாக்டர் ஜான் ஸ்நோ பதிவு செய்திருக்கிறார். அவர்களுக்கு ஆலையிலேயே பீர் கிடைத்தது. ஆலைக்கென்று தனிக் கிணறும் இருந்தது. தெருவின் அடிகுழாயை அவர்கள் நாடவில்லை.

இரண்டு விதிவிலக்குகளை மறக்கக் கூடாது. ஆல்கஹால் நீக்கிய பீருக்கு இந்தப் பாதுகாப்பு முழுமையாக இல்லை. இன்னொன்று அவசரக்காரர்களைவிடச் சோம்பேறிகளுக்கானது. கொதித்த சாற்றை ஈஸ்ட் சேர்க்காமல் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, அறையின் சாதாரண வெப்பத்தில் நாள்கணக்கில் வைப்பவர்கள் உண்டு. கொதியில் சாகாத சில வித்துகளில் பாட்டுலிசம் நோய்க்குக் காரணமான நரம்பு விஷத்தை உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்தும் ஒன்று. ஆக்சிஜன் இல்லாத, புளிப்பு குறைந்த இடம்தான் அதற்குப் பிடித்தமானது. ஈஸ்ட் சேர்க்காத சாறு அப்படிப்பட்ட இடம். சாறு ஆறியதும் உறை ஊற்றிவிட வேண்டும் என்பதற்கு ருசி மட்டும் காரணமல்ல.

அப்படியானால் சுத்தத்தைப் பற்றி இத்தனை ஆர்ப்பாட்டம் எதற்கு? முதல் காரணம் ருசி. மனிதனுக்கு நோய் தராத, ஆனால் பீரைப் பாழாக்கத் தெரிந்த ஒரு சிறு கூட்டம் இருக்கிறது. லாக்டோபாசில்லஸ் பீரைப் புளிக்கவைக்கும். பீடியோகாக்கஸ் அதற்கு வெண்ணெய் வாடை தரும். சில சமயம் ஊசிப்போன தயிரைப் போல நூல்விடவும் வைக்கும். காற்று புகுந்தால் அசிட்டோபாக்டர் வந்து பீரை வினிகராக்கும். காட்டு ஈஸ்ட்கள் கிராம்பு வாடையையோ மருந்து வாடையையோ கொண்டுவரும். இவற்றில் எதுவும் ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பாது. இரண்டு வார உழைப்பைச் சாக்கடைக்கு அனுப்பும்.

இந்தக் கூட்டத்தை முதலில் கையும் களவுமாகப் பிடித்தவர் லூயி பாஸ்டர். 1870-71 போரில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் தோற்ற பிறகு, ஜெர்மன் பீரைவிட நல்ல பீரை பிரான்சில் தயாரிக்க வழி காண்பதென்று அவர் கிளம்பினார். 1871-ல் லண்டனில் புகழ்பெற்ற விட்பிரெட் ஆலைக்குப் போய் ஈஸ்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். ஈஸ்ட் செல்களின் நடுவே வேண்டாத விருந்தாளிகளும் தெரிந்தன. ஒரு வாரத்துக்குள் அவர் மறுபடி போனபோது ஆலைக்காரர்கள் சொந்தமாக ஒரு நுண்ணோக்கி வாங்கி வைத்திருந்தார்கள். பீர் பற்றிய அவருடைய நூல் 1876-ல் வெளிவந்தது. பீர் கெடுவது சாபமோ பருவமோ அல்ல, ஒவ்வொரு கெடுதலுக்கும் ஒரு நுண்ணுயிர் பொறுப்பு என்று அந்நூல் நிறுவியது.

பாஸ்டர் கவனத்தைத் திருப்பியது பாக்டீரியாக்களின் மேல். ஈஸ்டுக்குள்ளேயே எதிரி இருக்கலாம் என்று காட்டியவர் எமில் கிறிஸ்டியன் ஹான்சன். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் ஆலை அதிபர் ஜே.சி. ஜேக்கப்சன் 1875-ல் தொடங்கிய ஆய்வுக்கூடத்தில் அவர் வேலை பார்த்தார். ஆலையின் பீர் கசந்து நாறத் தொடங்கியபோது, நல்ல ஈஸ்டோடு காட்டு ஈஸ்ட் கலந்துவிட்டதே காரணம் என்று கண்டுபிடித்தார். பிறகு ஒற்றை செல்லைத் தனியே பிரித்து, அதிலிருந்து ஒரு தூய வம்சத்தை வளர்த்தார். 1883 நவம்பரில் அந்த ஈஸ்ட் ஆலையில் உபயோகத்துக்கு வந்தது. ஜேக்கப்சன் அதைப் பூட்டி வைக்காமல் மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தார். இன்று வீட்டு பீர்காரர் கத்தரிக்கோலால் வெட்டித் திறக்கும் சின்ன ஈஸ்ட் பொட்டலத்தின் பின்னால் ஹான்சனின் அந்த ஒற்றை செல் இருக்கிறது. மேலே சொன்ன பிஎச் அளவுகோலும் அதே ஆய்வுக்கூடத்தில் 1909-ல் சோரன்சன் உருவாக்கியதுதான்.

வீட்டு பீர்காரர்களின் சுத்தத்தில் இரண்டு படிகள் உண்டு. புதியவர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். முதல் படி கழுவுவது. கண்ணுக்குத் தெரியும் அழுக்கு, பிசுக்கு, காய்ந்த நுரை எல்லாம் போக வேண்டும். இரண்டாவது படி கிருமிநீக்கம். அழுக்கின் மேல் கிருமிநாசினி ஊற்றுவது எண்ணெய்ப் பிசுக்கு போகாத தட்டில் வெறும் தண்ணீர் தெளிப்பதைப் போன்றது. மேல்பரப்பு நனையும், அடியில் இருப்பவை பத்திரமாக இருக்கும். பிளாஸ்டிக் வாளியைக் கம்பி நாரால் தேய்ப்பது அதைவிட மோசம். கீறல் ஒவ்வொன்றும் பாக்டீரியாவுக்கு ஒரு பதுங்குகுழி. திருகுக் குழாயைக் கழற்றாமல் கழுவுவதும் அதே ரகம்தான். பீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற ரப்பர் குழாயை வாயால் உறிஞ்சும் பழக்கமும் உண்டு. தரையில் விழுந்த கரண்டிக்காக வருந்துபவரே, மனித வாயில் லாக்டோபாசில்லஸ் வசிப்பதை மறந்துவிடுகிறார்.

கிருமிநாசினிகளில் கழுவ வேண்டாத வகைகள் இரண்டு பிரபலமாக இருக்கின்றன. ஒன்று அயோடின் கலந்தது. பத்து லட்சத்தில் 12.5 பங்கு அயோடின் இருந்தால் போதும், ஓரிரு நிமிடத்தில் வேலை முடியும். இன்னொன்று பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்தது. அது ஏராளமாக நுரைக்கும். சொன்ன அளவில் கலந்திருந்தால் அந்த நுரை பாட்டிலில் கொஞ்சம் தங்குவதால் கெடுதல் இல்லை. இரண்டிலும் அளவுதான் முக்கியம். இன்னும் கொஞ்சம் சேர்த்தால் இன்னும் சுத்தமாகும் என்று நினைத்துத் தாராளம் காட்டினால், கழுவ வேண்டாத மருந்து கழுவியே ஆகவேண்டிய மருந்தாகிவிடும்.

வீட்டில் சுலபமாகக் கிடைக்கிறது என்று பிளீச்சிங் திரவத்தை எடுப்பவர்கள் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். சரியாகக் கழுவாமல் விட்டால் குளோரின் பீரில் உள்ள சேர்மங்களோடு கூடி மருந்துக்கடை வாடையைக் கொண்டுவரும். கிருமி வந்து கெடுத்ததென்று பழிசுமத்தப்படும் பல பீர்கள் உண்மையில் கிருமியை விரட்டக் கிளம்பியதால் கெட்டவை. இரண்டாவது விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது. பிளீச்சிங் திரவத்தில் வினிகரோ வேறு அமிலமோ பட்டால் குளோரின் வாயு கிளம்பும். 1915-ல் ஈப்ரா போர்முனையில் சிப்பாய்களைக் கொன்றது அந்த வாயுதான். அம்மோனியா பட்டாலும் விஷ வாயுதான். கதவைச் சாத்திக்கொண்டு ஒரே தொட்டியில் இரண்டு மூன்று மருந்துகளைக் கலந்து தேய்ப்பவருக்கு, பீரில் வாழும் எந்தக் கிருமியையும்விட அந்தத் தொட்டி பெரிய எதிரி.

அடுத்த ஆபத்து பாட்டில். இங்கேதான் சுத்தமும் உடல் காயமும் நேராகச் சந்திக்கின்றன. லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை நொதித்தால் அந்த லிட்டர் பீரின் அளவுக்குச் சமமான வாயு உண்டாகிறது. சாதாரண பீரில் இதுபோல் இரண்டரை மடங்கு வாயு கரைந்திருக்கும். அதற்காக பாட்டிலில் அடைக்கும்போது லிட்டருக்கு 6, 7 கிராம் சர்க்கரை சேர்ப்பது வழக்கம். ஈஸ்ட் தன் வேலையை முடிக்கும் முன்பே ஒருவர் அவசரப்பட்டு அடைத்துவிட்டால், லிட்டருக்கு 20 கிராம் சர்க்கரைகூட மிச்சமிருக்கலாம். அப்போது உள்ளே ஏறும் வாயு வழக்கத்தைப் போல இரு மடங்கைத் தாண்டும். ஷாம்பேன் பாட்டில் அதைத் தாங்கும். பீர் பாட்டில் தாங்காது. அவசரமே படாதவருக்கும் இது நேரலாம். டயஸ்டேட்டிகஸ் என்னும் காட்டு ஈஸ்ட் வகை சரியாகக் கழுவாத குழாய் வழியே உள்ளே போனால், சாதாரண ஈஸ்ட் தின்ன முடியாமல் விட்டுவைக்கும் மாச்சர்க்கரையை அது வாரக்கணக்கில் மெல்ல மெல்லத் தின்றுகொண்டிருக்கும். ஒரு நாள் அலமாரியில் பாட்டில் வெடிக்கும். அது முகத்துக்கு நேரே நடந்தால் கண் போகலாம்.

இதைத் தடுக்க, பால்காரரைப் பிடிக்க உதவும் லாக்டோமீட்டரின் உறவான ஹைட்ரோமீட்டர் போதும். தொடக்கத்தில் 1.050 காட்டிய கருவி 1.010 அளவுக்கு இறங்கி, மூன்று நாள் தொடர்ந்து அசையாமல் நின்றால் அடைக்கலாம். நாள்காட்டியைப் பார்த்து அடைக்கக் கூடாது. அடைத்த பாட்டில்களை மூடியுள்ள பெட்டியில் வைப்பது நல்லது. ஒரு பாட்டில் திறந்ததும் ஊற்றாகப் பீறிட்டால், மற்றவற்றைக் கையில் எடுத்துக் குலுக்கிப் பார்க்காமல், தடித்த துணியால் மூடிக் குளிரவைத்துத் திறந்துவிட வேண்டும்.

இந்தியாவில் இந்தப் பேச்சை எடுத்தாலே எழும் மற்றொரு பயம் மெத்தனால். கள்ளக்குறிச்சியில் 2024-ல் 60க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட சாராயத்தை மறந்துவிட்டு யாரும் பேச முடியாது. ஆனால் அங்கே கொன்றது நொதித்தல் அல்ல. தொழிற்சாலைகளில் புழங்கும் மெத்தனாலைச் சாராயத்தில் கலந்து விற்ற பேராசை. பார்லியையோ அரிசியையோ நொதிக்கவைக்கும்போது உண்டாகும் மெத்தனால் மிக மிகக் குறைவு. பீரைக் காய்ச்சி வடிப்பதும் இல்லை. பாத்திரத்தை எத்தனை தடவை கழுவினாலும் கள்ளச்சாராயச் சாவு தடுக்கப்படாது. பாத்திரத்தைக் கழுவ மறந்ததால் அது நேருவதும் இல்லை.

பீர் குடித்து மக்கள் கூட்டமாகச் செத்ததே இல்லையா? உண்டு. அந்தச் சம்பவங்களைப் பார்த்தால் ஆபத்து எந்த வாசல் வழியாக வந்தது என்பது புரியும். 1900-ல் மான்செஸ்டரிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆறாயிரம் பேருக்கு மேல் நோயுற்றார்கள். குறைந்தது 70 பேர் இறந்தார்கள். பீரில் சேர்க்கப்பட்ட சர்க்கரையைத் தயாரிக்க உபயோகித்த கந்தக அமிலத்தில் ஆர்சனிக் இருந்தது. 2015 ஜனவரியில் மொசாம்பிக் நாட்டின் சிட்டிமா கிராமத்தில், ஒரு துக்க வீட்டில் ஊற்றப்பட்ட பாரம்பரிய மக்காச்சோள பீரைக் குடித்த 75 பேர் மாண்டார்கள். முதலில் யாரோ முதலைப் பித்தத்தைக் கலந்துவிட்டதாகப் பேச்சு கிளம்பியது. ஆய்வுக்கூடம் வேறு பதில் சொன்னது. மக்காச்சோள மாவில் வளர்ந்த பர்க்கோல்டேரியா கிளாடியோலை என்னும் பாக்டீரியா, பாங்கிரெகிக் அமிலம் என்னும் விஷத்தை உண்டாக்கியிருந்தது.

இந்த இரண்டிலும் கரண்டியும் வாளியும் குற்றவாளி அல்ல. விஷம் மூலப்பொருளோடு வந்தது. கொதியும் காப்பாற்றவில்லை. கொதி கிருமியைக் கொல்லும். கிருமி ஏற்கனவே கக்கிவைத்த விஷத்தையோ ஆர்சனிக்கையோ அது தொடுவதில்லை. பூஞ்சணம் பிடித்த தானியத்தின் நஞ்சுகளுக்கும் இதே கதைதான். காய்ச்சினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஈரம் பட்டுக் கட்டிதட்டிய மால்ட்டை வாளியில் கொட்டுபவர், கரண்டியைப் பத்து முறை கழுவியும் பயனில்லை. பீர்காரர் பயப்பட வேண்டிய முதல் இடம் சாக்கு மூட்டையின் வாய்.

சுத்தம் என்றால் உயிரே இல்லாத இடம் என்று அர்த்தமா? பெல்ஜியத்தில் லாம்பிக் பீர் தயாரிப்பவர்கள் அப்படி நினைப்பதில்லை. பிரசல்ஸ் நகரில் 1900-ல் தொடங்கிய காந்தியோன் ஆலையில், கொதித்த சாற்றைக் கூரைக்கடியில் அகலமான, ஆழமில்லாத செப்புத் தொட்டியில் இரவெல்லாம் திறந்து வைக்கிறார்கள். ஈஸ்ட் போடுவதில்லை. காற்றில் வருவது வரட்டும். ஆனால் அது அலட்சியமல்ல. கெடுக்கும் கிருமிகள் குறைவாக இருக்கும் குளிர்காலத்தில் மட்டுமே தயாரிக்கிறார்கள். முதல் சில வாரங்களில் குடல் பாக்டீரியாக்களின் உறவினர்கள்கூட அந்தச் சாற்றில் தலைகாட்டும். புளிப்பும் ஆல்கஹாலும் ஏற ஏற அவை மடியும். பிறகு மரப்பீப்பாயில் ஓராண்டு, ஈராண்டு, மூன்றாண்டு. மற்றவர்கள் மருந்தால் வாங்கும் பாதுகாப்பை இவர்கள் காலத்தால் வாங்குகிறார்கள். அந்த பீருக்கு மணம் தரும் பிரெட்டனோமைசஸ் ஈஸ்டை மற்ற ஆலைகள் கண்டால் அலறும். 1904-ல் அதற்கு அந்தப் பெயரைச் சூட்டிய கிளாசன் வேலை பார்த்ததும் கார்ல்ஸ்பர்க்கில்தான்.

வடகிழக்கு இந்தியப் பெண்களுக்கு ஹான்சனும் தேவைப்படவில்லை, கூரைத் தொட்டியும் தேவைப்படவில்லை. அசாமின் திமாசா மக்கள் தயாரிக்கும் ஜூதிமா என்னும் அரிசி பானத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு உறையாக அமைவது அரிசி மாவோடு ஒரு செடியின் பட்டையைச் சேர்த்துத் தட்டிக் காயவைத்த வில்லை. சிக்கிம், டார்ஜிலிங் பகுதிகளில் இதுபோன்ற வில்லைக்கு மார்ச்சா என்று பெயர். பூஞ்சை, ஈஸ்ட், பாக்டீரியா மூன்றும் அதில் உலர்ந்து உறங்குகின்றன. மார்ச்சா தட்டும்போது முந்தைய நல்ல வில்லையின் தூளைப் புதிய வில்லையின் மேல் தூவுகிறார்கள். நேற்றைய நல்ல தயிரிலிருந்து இன்றைய உறையை எடுப்பதைப் போலத்தான் இது.

தமிழிலும் இந்தச் செய்முறைக்கு ஒரு பழைய சாட்சி உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பைப் பாடும் புலவர், வீட்டில் மது தயாரிக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறார். குத்தாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கிறார்கள். வாயகன்ற தட்டுப் பிழாவில் இட்டு ஆற்றுகிறார்கள். பாம்புப் புற்றில் காணும் புற்றாஞ்சோற்றைப் போலத் தோன்றும் அடையைக் கலக்கிறார்கள். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய விட்டு, வலிய வாயுள்ள சாடியில் முற்ற வைக்கிறார்கள். சமைத்தல், ஆற்றுதல், உறை சேர்த்தல், மூடிய பாத்திரம், பொறுமை. நுண்ணோக்கி இல்லாத காலத்திலும் வரிசை மாறவில்லை.

மறுபடி வாளியின் முன்னால் உட்கார்ந்திருக்கும் அந்தப் புதியவரிடம் வரலாம். அவர் தானியத்தை முகர்ந்து பார்த்து வாங்கியிருக்கிறாரா? அடுப்பை அணைத்த பிறகு சாற்றைத் தொட்ட எல்லாவற்றையும் கழுவி, பிறகு கிருமிநீக்கமும் செய்தாரா? மருந்துகளை ஒன்றோடொன்று கலக்காமல் இருந்தாரா? ஈஸ்டை உடனே, தாராளமாகச் சேர்த்தாரா? அப்படியானால் நடுவில் விழுந்த கரண்டியை மறந்துவிட்டுத் தூங்கலாம். பழுப்பு நுரை பூஞ்சணம் அல்ல, ஈஸ்ட் வேலை செய்வதன் அடையாளம். கருவி மூன்று நாள் அசையாமல் நிற்கும்வரை அவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். உறை ஊற்றிய பாத்திரத்தைத் திறந்து திறந்து பார்க்கும் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டு வீடுகளில் விழும் அதே அதட்டல்தான் அவருக்கும் பதில்: மூடியை மூடு.